பேராளர் எண் 147

என் மகள் சிம்ரன் இறந்த எழுபத்தோராவது நாள், உலக மாணவர் தன்னார்வலர் மாமன்றத்தில் கலந்துகொள்ள அவள் தேர்வாகியிருப்பதாகக் கூரியரில் கடிதம் வந்தது.

நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். 'மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று தொடங்கியிருந்தது. அவள் உயிரோடு இருந்தபோது இரண்டு தடவை விண்ணப்பித்தாள். ஒன்று காத்மாண்டுக்கு, இன்னொன்று கொழும்புக்கு. இரண்டு தடவையும் ஒரே பதில்தான் வந்தது: பன்னாட்டுக் கூட்டங்களில் பங்கேற்ற முன் அனுபவம் தங்களுக்கு இல்லாததால் பரிசீலிக்க இயலவில்லை. "கூட்டத்துக்குப் போவணும்னா ஏற்கெனவே கூட்டத்துக்குப் போயிருக்கணுமாம்பா" என்று சொல்லிச் சிரித்தாள். இந்த வருடம் 'மறைந்த தன்னார்வலர்' என்று ஒரு புதிய பிரிவு தொடங்கியிருந்தார்கள். அந்தப் பிரிவுக்கு முன் அனுபவம் தேவையில்லை என்று அடிக்குறிப்பில் போட்டிருந்தது.

நான் அரசுப் பேருந்தில் நடத்துநர். ப்ளஸ் டூவோடு நின்றவன். என் தகப்பனார் தென்னேரியில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் சிம்ரன்தான். பி.ஏ. வரலாறு. சேர்ந்த மாதமே மாணவர் தன்னார்வலர் சங்கத்தின் எங்கள் ஊர்க் கிளையில் பெயர் கொடுத்துவிட்டாள். அங்கே அவள் செய்த வேலை ஒன்றே ஒன்று. பார்வையில்லாத மாணவர்களுக்குத் தேர்வில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல விடையை எழுதிக்கொடுப்பது. ஸ்கிரைப் என்பார்கள். அதற்கு ஒரு விதி உண்டு. எழுதுகிறவர், விடை சொல்பவரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும். அதிகம் படித்தவர் உட்கார்ந்தால் தன்னுடைய விடையை எழுதிவிடுவாராம்.

அதனால் சிம்ரன், தனக்கு ஒரு வருடம் மூத்த காவேரிக்கு எழுதினாள். காவேரி பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் பரமசிவத்தின் மகள். பிறவியிலேயே பார்வை கிடையாது. மூன்று பருவத் தேர்வுகளில் சிம்ரன்தான் அவளுக்குக் கை. நவம்பரில் கடைசியாக எழுதினாள். ஜனவரியில் காய்ச்சல் வந்தது.

கடிதம் வந்த மறுநாள் சங்கத்தின் தென்மண்டல ஒருங்கிணைப்பாளர் உமாபதி வீட்டுக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு படிவம். என் மனைவி நதியா கடைப் புடவைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். உமாபதி செருப்பைக் கழற்றிவிட்டு, சிம்ரன் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, பிறகு படத்தைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டார்.

"உங்க டாட்டரோட சேவையை நாங்க உலக லெவலுக்கு எடுத்துக்கினு போறோம் சார்" என்றார்.

நதியா நிமிரவில்லை. "எந்த ஊருக்கு எடுத்துக்கினு போறீங்க?"

"ஓரிக்கை ரோடு கல்யாண மண்டபம்மா."

இந்த வருடத்து மாமன்றத்துக்குப் பாரம்பரிய நகரம் என்ற முறையில் காஞ்சிபுரத்தைத் தேர்ந்திருந்தார்கள். உமாபதி படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார். இறப்பின் தன்மை என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. பணியின்போது. பணிக்குச் செல்லும் வழியில். பணி முடிந்து திரும்பும் வழியில். டெங்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அவர் பேனாவைக் கட்டங்களின் மேல் கொஞ்ச நேரம் அலைய விட்டார். கடைசியாக எப்போது பணி செய்தாள் என்று கேட்டார். நவம்பர் என்றேன். நவம்பரில் எழுதிவிட்டு வந்தவள் ஜனவரியில் இறந்ததைத் 'திரும்பும் வழியில்' என்று சேர்த்துக்கொண்டார். இல்லாவிட்டால் படிவத்தைக் கணினி ஏற்காது என்று அவர் சொன்னபோது முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

நான் போவதாக இல்லை. அன்று சாயங்காலம் காவேரி தன் தகப்பனாரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கடைசிப் பருவத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மற்றத் தாள்களுக்குச் சங்கம் யாராவது ஒருவரை அனுப்பியது. கடைசித் தாள் கல்வெட்டியல். அது மாமன்றத்தின் மூன்றாம் நாள், காலை பத்து மணிக்கு வருகிறது. அன்றைக்கு யாரும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சங்கத்தின் முத்திரை போட்ட கடிதம் இல்லாமல் கல்லூரித் தேர்வுப் பிரிவு வெளியாட்களை உள்ளே விடாது. இந்தத் தாளில் தேறினால் ஜூனில் சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எட். சேர இடம் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு தாள் நின்றாலும் அந்த இடம் போய்விடும்.

"சிம்ரனுக்கு லெட்டர் வந்திருக்குதாமே அங்கிள்" என்றாள் காவேரி. "அப்ப நீங்க அந்தக் கூட்டத்துக்குள்ள போய்க் கேக்கலாம் இல்ல? எனக்கு ஒரே ஒரு ஆளு போதும்."

மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

முதல் நாள் காலை மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. முந்தைய முகூர்த்தத்தினுடையது. பதிவு மேசையில் திரிஷா என்ற முதலாமாண்டு மாணவி உட்கார்ந்திருந்தாள். என் பெயரைச் சொன்னேன். பட்டியலில் இல்லை. சிம்ரனின் அப்பா என்றேன். பெற்றோருக்கென்று பிரிவு கிடையாது, பேராளர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றாள். பேராளர் எண் 147 பட்டியலில் இருந்தது. அதற்கு அட்டை தயாராக இருந்தது. மற்ற அட்டைகளில் பெயருக்குக் கீழே முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று போட்டிருந்தது. இந்த அட்டையில் 'சிம்ரன் த., மறைந்தவர்' என்று இருந்தது.

திரிஷா அட்டையை நாடாவோடு கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. "மாட்டிக்கங்க அங்கிள்" என்றாள் மெதுவாக. "ஒவ்வொரு செஷனுக்கும் கையெழுத்துப் போடணும். ஒண்ணு விட்டாலும் அவங்களுக்கு சர்டிபிகேட் வராது."

மாட்டிக்கொண்டேன். அன்றும் மறுநாளும் நான் சிம்ரனாக இருந்தேன்.

முதல் அமர்வு அறிமுகம். எல்லோரும் வட்டமாக நின்று, பெயரையும் பிடித்த காயையும் சொல்ல வேண்டும். இதனால் மனத்தடைகள் உடையும் என்று பயிற்சியாளர் அம்மையார் சொன்னார். என் முறை வந்தபோது சிம்ரன் என்றேன், கத்தரிக்காய் என்றேன். அவளுக்குத்தான் கத்தரிக்காய் பிடிக்கும், எனக்குத் தொண்டை அரிக்கும். கை தட்டினார்கள். பிறகு ஆளுக்கு ஒரு மஞ்சள் சீட்டு கொடுத்து, இன்னும் ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். என் சீட்டு வெறுமையாக இருந்தது. அம்மையார் அட்டையில் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, "சிம்ரன், தயங்காதீங்க. ஐந்து வருடத்தில் நீங்க எங்கே?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். 'இலக்கில் தெளிவில்லை' என்று அவரே எழுதி என் சார்பாக ஒட்டினார். அது மூன்று நாளும் சுவரில் இருந்திருக்கும். இரண்டு நாள் இருந்ததை நான் பார்த்தேன்.

இருபத்தொரு வருடம் பேருந்தில் தலை எண்ணியவன் நான். அரங்கில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் வெளிநாட்டவர் மூவர். நேபாளத்துப் பையன் ஒருவன், போலந்துப் பெண் ஒருத்தி, மூன்றாமவர் திரையில் தெரிந்தார். எந்த நாடு என்று அறிவிப்பதற்குள் இணைப்பு நின்றுவிட்டது. கண்ணைப் பாதி மூடிய நிலையில் அவர் முகம் மதியம் வரை திரையில் இருந்தது. ஒவ்வொரு பேச்சாளரும் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார்கள். போலந்துப் பெண் குத்துவிளக்கு ஏற்றிய கையோடு காந்தி ரோட்டுக்குப் புடவை வாங்கப் போனார். அவர் நாற்காலியில் அவர் நாட்டுக் கொடியை வைத்தார்கள்.

தலைவர் தேவேந்திரன் பேச எழுந்தார். தலையில் நரை. அவரும் மாணவர்தான். ஒரு பட்டம் முடிந்ததும் இன்னொன்றில் சேர்ந்துவிடுவார். மாணவராக இல்லாதவர் மாணவர் சங்கத்தில் தலைவராக இருக்க முடியாதல்லவா. 'தன்னார்வலர்களுக்குப் பன்னாட்டுச் சந்திப்புகளின் மதிப்பு' என்பது தலைப்பு. அந்தப் பேச்சை என்னால் மறக்க முடியவில்லை.

"அன்புத் தன்னார்வலர்களே, இந்தச் சங்கத்தில் மாணவனாக இருபத்திரண்டு வருடம் சேவை செய்திருக்கிறேன். நாற்பத்தொரு பன்னாட்டுக் கூட்டங்கள், பதினேழு நாடுகள். இதனால் என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். நைரோபிக்குப் போனபோதுதான் ஏழ்மை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. அதுவரை நான் காஞ்சிபுரத்திலேயே இருந்ததால் அதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஒரு பெண் தன் ஊரில் யாருக்கோ உதவுகிறாள் என்று வையுங்கள். நல்லதுதான். ஆனால் அது வெறும் வேலை. அதை இன்னொரு நாட்டுக்காரரிடம் அவள் எடுத்துச் சொல்லும்போதுதான் அது சேவையாகிறது. சொல்லப்படாத சேவை பதிவாகாது. பதிவாகாத சேவை நடக்கவே இல்லை. மனம் திறந்து சொல்கிறேன், இந்த இருபத்திரண்டு வருடத்தில் நான் நேரடியாக யாருக்கும் எதுவும் செய்ததில்லை. எனக்கு நேரம் இருந்ததில்லை. ஆனால் செய்கிறவர்களைச் சந்தித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்."

எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் எழுந்தேன். உட்கார்ந்திருந்தால் முன்னால் எதுவும் தெரியவில்லை.

மறைந்தவர்களுக்கு அஞ்சலி அடுத்த நிகழ்ச்சி. அந்தப் பிரிவில் சிம்ரன் ஒருத்திதான். 'சேவை முடித்துத் திரும்பும் வழியில் இன்னுயிர் ஈந்த' என்று படித்தார்கள். ஒரு நிமிட மௌனம் என்று அழைப்பிதழில் இருந்தது. நேரமின்மை காரணமாக அரை நிமிடம் என்று அறிவித்தார்கள். பிறகு சிம்ரன் அவர்களை மேடைக்கு அழைத்தார்கள். நான் போனேன். பொன்னாடை போர்த்தினார்கள். மேடையை விட்டு இறங்கும் இடத்தில் உமாபதி வருகைப் பதிவேட்டை நீட்டினார். அஞ்சலிக் கூட்டத்துக்கும் 147க்கு நேராகக் கையெழுத்து வேண்டுமாம். போட்டேன்.

அந்த இடத்திலேயே அவரிடம் காவேரி விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கோரிக்கை வைப்பதானால் பேராளராகத்தான் வைக்க முடியும், அதுவும் தீர்மானமாகத்தான் வைக்க முடியும், தீர்மானங்கள் இரண்டாம் நாள் மதியம் என்றார். அன்று இரவு வீட்டில் சொன்னபோது நதியா பொன்னாடையைப் பிரித்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "பாலியஸ்டரு" என்றாள்.

இரண்டாம் நாள் காலை முழுவதும் தன்னார்வலர் என்பவர் யார் என்று வரையறுக்கக் குழு பிரித்தார்கள். எங்கள் குழு மூன்று மணி நேரம் பேசி, தன்னார்வலர் என்பவர் ஆர்வமுள்ளவர் என்ற முடிவுக்கு வந்தது. பக்கத்துக் குழு 'தானாக' என்ற சொல்லையும் சேர்த்திருந்ததால் அவர்களுக்குப் பரிசு கிடைத்தது.

மதியம் தீர்மானம். நான் பேருந்துச் சீட்டுக் கட்டின் அட்டையில் எழுதி வைத்திருந்தேன்: 'நாளை காலை பத்து மணிக்குக் காவேரிக்குத் தேர்வு எழுத ஓர் ஆள் வேண்டும்.' தீர்மானக் குழு அதை வாங்கிப் படித்தது. உள்ளூர்ப் பிரச்சினைகளை உலக மாமன்றம் எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் கருத்து நல்லது என்றார்கள். தனிநபர் பெயர் கூடாது என்று காவேரியை எடுத்தார்கள். தீர்மானங்களுக்குக் காலக்கெடு இருந்தால் பிறகு காலாவதி ஆகிவிடும் என்று நாளையை எடுத்தார்கள். பத்து மணி எல்லா நாட்டிலும் ஒரே நேரத்தில் வருவதில்லை என்று அதையும் எடுத்தார்கள். தேர்வு என்பது சில நாடுகளில் மனச்சோர்வு தரும் சொல்லாம். மிச்சம் இருந்ததை மும்மொழியில் தட்டச்சு செய்தார்கள்: 'பார்வைத் திறன் குறைந்தோருக்கு எழுத ஆள் வேண்டும் என்பதை இம்மாமன்றம் ஆழ்ந்த அக்கறையோடு கவனத்தில் கொள்கிறது.'

சிம்ரன் முன்மொழிந்தாள் என்று பதிவாயிற்று. நேபாளத்துப் பையன் வழிமொழிந்தான். ஒருமனதாக நிறைவேறியது. இரண்டு நிமிடம் கை தட்டினார்கள். சிம்ரனுக்குக் கிடைத்த மௌனத்தைவிட ஒன்றரை நிமிடம் அதிகம். தீர்மானத்தின் ஒரு பிரதியைச் சங்க முத்திரையும் தலைவர் கையெழுத்தும் வைத்து என்னிடம் கொடுத்தார்கள்.

கை தட்டல் அடங்கியதும் யார் வருவீர்கள் என்று கேட்டேன்.

உமாபதி என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். நாளைக் காலை பத்து மணிக்குத்தான் நிறைவுப் புகைப்படம். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் மண்டபத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் உதவிக் கரம் ஒன்றின் வடிவத்தில் நிற்க வேண்டும். மேலிருந்து டிரோனில் எடுப்பார்கள். ஒத்திகை பார்த்தாகிவிட்டது.

"ஒருத்தர் போனா ஒரு வெரல் கோணிக்கும் சார்" என்றார். "நீங்களும் கட்டை விரல்ல இருக்கீங்க."

சாப்பாட்டுக் கூடத்தில் தலைவர் தனியாக ரசம் குடித்துக்கொண்டிருந்தார். நேராகவே கேட்டேன். நீங்களே வந்து மூன்று மணி நேரம் எழுதிக் கொடுத்துவிடக் கூடாதா என்றேன். அவர் கோபப்படவில்லை. டம்ளரை வைத்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

"நான் வந்தா அது விதிமீறல் ஆயிடும். எனக்கு அஞ்சு பட்டம். உதவி செய்யற தகுதியை நான் எப்பவோ தாண்டிட்டேன்."

மூன்றாம் நாள் நான் மண்டபத்துக்குப் போகவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று காவேரியிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று கல்லூரிக்குப் போனேன். தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. ஒன்பதரை மணிக்கே பரமசிவம் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சுடிதார், கையில் நுழைவுச் சீட்டு. என் செருப்புச் சத்தம் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஆளு கெடைக்கலையா அங்கிள்?"

இல்லையம்மா என்றேன். தீர்மானம் மட்டும்தான் கிடைத்தது என்றேன்.

"அதுல முத்திரை இருக்குதா?"

"இருக்குது."

"யாரு பேராவது போட்டிருக்குதா?"

"ஒருத்தர் பேரும் இல்ல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க ப்ளஸ் டூ தானே? சிம்ரன் சொல்லியிருக்கா. வாங்க."

தேர்வுக் கண்காணிப்பாளர் காமாட்சியம்மாள் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மூன்று மொழியிலும் படித்தார். "இதுல இன்னா சொல்றாங்கன்னே புரியலியேப்பா. எழுத ஆளு வேணும்னு போட்டிருக்குது. ஆளு யாரு?" நான்தான் என்றேன். என்ன படிப்பு என்று கேட்டார். சொன்னேன். "அப்ப சரி. அதுக்கு மேல படிச்சிருந்தாதான் எனக்குத் தொல்லை." காகிதத்தின் ஓரத்தில் என் பெயரை எழுதி உள்ளே அனுப்பினார்.

தனி அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. காவேரி தொடங்குவதற்கு முன் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தாள். "ஒரு வரி முடிஞ்சா ம் சொல்லணும் அங்கிள். சிம்ரன் சொல்லுவா. நீங்க சொல்லலன்னா எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது." கேள்விகளைப் படித்துச் சொன்னேன். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். என் கை பயணச்சீட்டு கிழித்த கை. நீளமாக எழுதிப் பல வருடமாகிவிட்டது. முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். "சிம்ரன் இந்த எடத்துல 'கொஞ்சம் மூச்சு விடுடீ'ன்னுவா" என்றாள். எனக்கு அது தெரியாது. வீட்டில் என்ன எழுதினாய் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. பாஸ் ஆகுமா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

கடைசிக் கேள்வி திருமுக்கூடல் கல்வெட்டு பற்றியது. பத்து மதிப்பெண். திருமுக்கூடல் வழியாக நான் எத்தனையோ தடவை டபுள் விசில் கொடுத்துப் போயிருக்கிறேன். கோயில் சுவரில் இவ்வளவு எழுதியிருப்பது தெரியாது. சோழர் காலத்தில் அங்கே ஒரு பாடசாலை, ஒரு விடுதி, ஒரு மருத்துவமனை இருந்தன என்றாள் காவேரி. ம் என்றேன். மருத்துவமனையில் பதினைந்து படுக்கைகள் என்றாள்.

பதினைந்து படுக்கைகள் என்று எழுதினேன்.

சிம்ரன் மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டுத்தான் படுத்திருந்தாள். காய்ச்சல் காலம், எங்கும் கூட்டம். படுக்கை காலியானதும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். நான்காம் நாள் காலையில் கூப்பிட்டார்கள். அப்போது எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

காவேரி சொல்லிக்கொண்டே போனாள். ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை பறித்து வந்து மருந்து காய்ச்ச இரண்டு பேர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், தண்ணீர் கொண்டுவர ஒருவர். இத்தனை பேரையும் அந்தக் கோயில் சுவரில் ஆயிரம் வருடமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு வேலையாளையும் விடவில்லை. அவள் குரல் எனக்குக் கேட்டது. கை நகரவில்லை. நான் ம் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அங்கிள்?"

பேனாவைத் தூக்கினேன். "ரெண்டு பேர் மருந்து காய்ச்ச" என்று அவள் திரும்பவும் ஆரம்பித்தபோது மணி அடித்தது. கூடுதல் நேரமும் முடிந்துவிட்டது. காமாட்சியம்மாள் வந்து தாளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். காவேரி விடையைச் சொல்லி முடித்திருந்தாள். அதில் பாதிக்கு மேல் தாளில் ஏறவில்லை.

அவளிடம் சொன்னேன். மறைக்கவில்லை. அவள் மேசை ஓரத்தைத் தடவிக்கொண்டு எழுந்தாள். "பரவால்ல அங்கிள். மத்ததுல வந்துடும்" என்றாள்.

வரவில்லை. நாற்பது வேண்டும், முப்பத்தாறு வந்தது. பி.எட். இடம் போய்விட்டது. முடிவு வந்த அன்று அவளே போன் செய்தாள். அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. அவள் சொன்னாள்: "நவம்பர்ல திரும்ப எழுதணும். வேற யாரும் வேணாம், நீங்களே வாங்க. ஆனா ப்ராக்டிஸ் பண்ணிக்கினு வாங்க அங்கிள்."

அன்றிலிருந்து டியூட்டி முடிந்து வந்ததும் நதியா ஏதாவது படிப்பாள், நான் எழுதுவேன். முதல் வாரம் செய்தித்தாள். குஞ்சம் கட்டிக்கொண்டே மடியில் தாளை வைத்துப் படிப்பாள். நான் பின்தங்கினால் நிற்பாள். "உன் கையெழுத்தைப் பாத்தா செக்கிங் இன்ஸ்பெக்டரே ஓடிடுவான்" என்பாள். ஜனவரிக்குப் பிறகு நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அப்போதுதான்.

ஜூலையில் கூரியர் வந்தது. மாமன்றத்தின் அறிக்கை. நாற்பத்தாறு பக்கம், வழவழப்பான தாள். நதியா புரட்டிப் பார்த்துவிட்டு, பேப்பரை ஓரமாக வைத்தாள்.

"இது நல்லா நீட்டு நீட்டா இருக்குது. உனக்கு ப்ராக்டிஸுக்கு இதான் சரி."

தினமும் இரண்டு பக்கம். நேர்முகச் சந்திப்புகளால் தன்னார்வலர்களின் உலகப் பார்வை விரிவடைந்ததை மாமன்றம் பெருமிதத்துடன் பதிவு செய்கிறது என்று படிப்பாள். இதுக்கு இன்னா அர்த்தம் என்று நடுவில் கேட்பாள். அர்த்தமெல்லாம் கேட்காதே, சொல்லு என்பேன். வாக்கியம் முடிவதற்குள் அவளுக்கே மூச்சு வாங்கும். இருபது நாளில் என் கை அவள் வாயின் வேகத்தைப் பிடித்துவிட்டது. நிற்காமல் எழுத வந்துவிட்டது.

கடைசியில் பின்னிணைப்பு. பங்கேற்றவர்கள் பட்டியல், வருகை விவரம், யார் யாருக்குச் சான்றிதழ். அதையும் விட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், பெயர் எழுதிப் பழக வேண்டும் என்று. ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தாள். நான் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே போனேன்.

"நூத்தி நாப்பத்தேழு" என்றாள். "சிம்ரன் த. முதல் நாள், வருகை. இரண்டாம் நாள், வருகை." பிறகு அதே குரலில் படித்தாள். "மூன்றாம் நாள், வரவில்லை. காரணம் தெரிவிக்கவில்லை. சான்றிதழ் இல்லை."

அடுத்த பெயருக்கு அவள் போகவில்லை. நான் எழுதி முடித்திருந்தேன்.